சீஃபஸ் வீட்டு ஓட்டு

பள்ளிக்கூடச் சமையலறையில் காலையிலிருந்து நின்ற கால், வீடு திரும்பும்போது செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கும். அப்படியிருந்தும் ஒர்னெட்டா வந்ததும் வராததுமாக அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். எதிர்வீட்டு மிஸ்டர் சீஃபஸ் வெயில் தாழும் முன்பே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறவர். காலமெல்லாம் தபால்காரராக இருந்தவருக்கு நேரம் தவறினால் முகம் சுண்டிப்போகும். அவர் மனைவி லுவெல்லாவை அடக்கம் செய்த வாரத்தில் ஒர்னெட்டா ஒரு தட்டுச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த வாரமும் கொடுத்தாள். அதற்குப் பிறகு அது நின்றதே இல்லை. யாரும் கேட்கவுமில்லை, யாரும் ஒப்புக்கொள்ளவுமில்லை. அப்படி ஒரு பழக்கமாகிப்போயிற்று.

ஆகஸ்டு புழுக்கம். பைன் மரத்தில் ஒரு ஊசிகூட அசையவில்லை. வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்து, தட்டைப்பயறு ஒரு கரண்டி, பன்றிக் கறி போட்டு வேகவைத்த கீரை ஒரு கரண்டி, மேலே ஒரு துண்டு சோளரொட்டி என்று வைத்து, தட்டைத் தாளால் மூடிக்கொண்டு தெருவில் இறங்கினாள். தலைக்குமேல் விமானம் ஒன்று சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கியது. அட்லாண்டா விமான நிலையத்துக்குத் தெற்கே இருக்கிற ஹிக்கரி பெண்ட் குடியிருப்பில் யாரும் அதற்கெல்லாம் அண்ணாந்து பார்ப்பதில்லை.

முகப்பில் மட்டும் செங்கல், மற்ற மூன்று பக்கமும் பலகை என்று வரிசையாக நிற்கிற வீடுகள். பஸ் ஓட்டுகிறவர்களும் நர்சுகளும் விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களும் சொந்தமாக வாங்கிக் குடிவந்த இடம். வீட்டு விலை சரிந்த அந்தக் கெட்ட வருஷங்களில் சிலபேர் வீட்டை வங்கிக்குப் பறிகொடுத்தார்கள். வங்கியிடமிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டது ஒரு கம்பெனி. அதன்பிறகும் யார் வீட்டு வாசலில் விற்பனைப் பலகை முளைத்தாலும் அதன் சாயம் காய்வதற்குள் கம்பெனி ரொக்கத்தோடு வந்துவிடும். ஒர்னெட்டா குடியிருப்பதும் கம்பெனி வீடுதான். அவள் புருஷன் வெர்னன் சொல்வான்: "கடவுளையாச்சும் செத்தப்புறம் பாத்துடலாம் நெட்டா. நம்ம வீட்டுக்காரன பாக்கவே முடியாது."

தெருவைத் தாண்டுவதற்குள் க்ளோரிஸ் பிடித்துக்கொண்டாள். தெருவில் சொந்த வீடு வைத்திருப்பவர்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. கடைத்தெருவில் முடி அலங்காரக் கடை வைத்திருக்கிறாள். அந்த மாதம் அவள் தலை நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"மகாராஜாவுக்குச் சாப்பாடா?"

"ஆமா மிஸ் க்ளோரிஸ். ஆறிப்போயிடும், விடுங்க."

"ஆறட்டும். ஆறினா சூடு பண்ணித் தின்னுவாரு. இங்க பாரு, ஒத்த ஓட்டு. ஒத்த ஓட்டுதான் எனக்குக் குறையுது. இருக்கற வீட்ட கம்பெனி வெச்சிக்கட்டும், யாரு புடுங்கறா? இனிமே இந்தத் தெருவுல ஒண்ணுகூட வாங்கக்கூடாது. வாங்கறவங்க வந்து குடியிருக்கணும். மூணுல ரெண்டு பங்கு வீடு கையெழுத்துப் போட்டு ஒத்துக்கிட்டா இது சட்டமா நிக்கும். இதுல என்ன தப்பிருக்கு, நீயே சொல்லு."

"தப்பில்ல."

"அந்த மனுஷன் மாட்டேங்கறாரு. உன் கைச்சோறு தின்னறவரு. நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"எனக்கு என்ன இருக்கு இதுல? நான் வாடகைக்காரி. எனக்கு ஓட்டே இல்ல."

க்ளோரிஸ் குரலைத் தாழ்த்தினாள். "எத்தன வீட்டுக்கு நீ விலை பேசி எழுதிக்குடுத்த? நீல கதவு வீடு. குளத்தோரம் அந்தச் சின்ன வீடு. அந்த நர்சம்மா வீடு. பேங்க் கடன் குடுக்கறேன்னு சொல்லியும், ஒவ்வொரு தடவையும் கம்பெனி ரொக்கத்த நீட்டி முந்திக்கிச்சா இல்லியா? உனக்கு இல்லாம வேற யாருக்கு இருக்கு இதுல?"

ஒர்னெட்டா தாளின் ஓரத்தை அழுத்தி மூடிக்கொண்டு நடந்தாள். நீலக் கதவு வீட்டின் அடுக்களையில் ஜன்னலுக்கு நேரே காலைவெயில் விழும். அந்த வீட்டை இழந்த வாரம் முழுக்க அவள் வேலைக்குப் போகும்போது சுற்றுவழியில் போனாள்.

மிஸ்டர் சீஃபஸ் மேஜைமுன் தயாராக உட்கார்ந்திருந்தார். நெடிய உடம்பு. தபால்பை தொங்கித் தொங்கி ஒரு தோள் இறங்கியே போயிருந்தது. கண்ணில் நீர் அழுத்தம். ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் மட்டும் வெளிச்சம் மிச்சம். கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. வீட்டை விற்றுவிட்டு மான்ட்கோமரியில் இருக்கிற மகள் பெர்னிஸ் வீட்டுக்குப் போவதாக முடிவு.

"க்ளோரிஸ் உன்ன நிறுத்தி வெச்சி என்ன சொன்னா?"

"கண்ணு தெரியலன்னு சொல்றீங்க, இது மட்டும் தெரியுதோ?"

"அவ தலை, குருடனுக்கும் தெரியும்." வெண்டைக்காயைக் கையாலேயே எடுத்துக் கடித்தார். "ஓட்டு கேக்கச் சொன்னாளா?"

"சொன்னாங்க. நான் கேக்கமாட்டேன்."

"கேக்காத." இரண்டு வாய் தின்றார். பிறகு தானாகவே ஆரம்பித்தார். "எங்கப்பன் கொத்தனாரு. ஊருக்கு வடக்கால ஒரு தெருவே அவரு கட்டினது. சுவரெல்லாம் நூல் புடிச்ச மாதிரி நிக்கும். அந்த வீட்டுப் பத்திரத்துல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? வெள்ளக்காரன் தவிர எவனுக்கும் விக்கக்கூடாது. கறுப்பன் அங்க ராத்தங்கணும்னா வேலைக்காரனா மட்டுந்தான் தங்கலாம். கட்டினவன் கறுப்பன். வெயில்ல செங்கல் சுமந்தவன் கறுப்பன். யாருக்கு விக்கலாம், யாருக்கு விக்கக்கூடாதுன்னு ஒரு காயிதம் சொல்லுச்சு. இப்ப க்ளோரிஸ் இன்னொரு காயிதம் கொண்டாரா. நல்லதுக்குத்தான்னு சொல்றா. அவங்களும் நல்லதுக்குன்னுதான் சொன்னாங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"கம்பெனியும் கறுப்பனும் ஒண்ணா மிஸ்டர் சீஃபஸ்?"

"ஒண்ணில்ல. எனக்கும் தெரியும்." ரொட்டியால் தட்டைத் துடைத்தார். "ஆனா என் கை அதுல கையெழுத்துப் போடாது. கீரையில உப்பு குறையுது."

"டாக்டர் குறைக்கச் சொன்னாரு."

"அவன் வீட்டுக் கீரைல குறைச்சிக்கச் சொல்லு."

அவள் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கிக் கழுவினாள். அந்த அடுக்களை ஜன்னலுக்கு வெளியே அத்திமரம். பழம் கனிந்து வெடித்து, குளவிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இந்த வீட்டை எனக்கே விலைக்குக் கொடுங்கள் என்ற வார்த்தை அவள் தொண்டைவரைக்கும் வந்தது. எத்தனையோ நாள் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

*

புயல் என்று சொல்ல முடியாது. பிற்பகல் மழைதான். ஆனால் அன்றைக்கு வானம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்து, காற்று ஒரே ஒரு முறை ஓங்கி அடித்தது. தான் குடியிருக்கும் வீட்டின் பின்னால் நின்ற ஓக் மரத்தை வெட்டச் சொல்லி ஒர்னெட்டா கம்பெனிக்கு எத்தனையோ தடவை போன் செய்திருக்கிறாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொல்லும். பிறகு பாட்டு போடும். அந்த மரம்தான் வேரோடு சாய்ந்து படுக்கையறைக் கூரையில் இறங்கியது.

ஒர்னெட்டா அப்போதுதான் தெருமுனைக்குக் காரில் திரும்பினாள். மழைக்குள் அவள் மகள் இமானி தெருவைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. கையில் டிராம்போன், அந்த நீளப் பித்தளை ஊதுகுழல். பள்ளி பேண்ட் குழுவில் வாசிக்கிற பெண், முன்னறையில் பழகிக்கொண்டிருந்திருக்கிறாள். மிஸ்டர் சீஃபஸ் கதவைத் திறந்து, இரண்டு கையையும் முன்னால் துழாவிக்கொண்டு, மழையில் இறங்கி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, என் கட்டில்மேல மரம்," என்றாள் இமானி. "என் கட்டில்மேலேயே, அம்மா."

ஒர்னெட்டா மகளின் தலையையும் தோளையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. மழையிலேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு, உள்ள வா," என்றார் மிஸ்டர் சீஃபஸ். "குழலத் தூக்கிட்டு ஓடியாந்திருக்கு பாரு. செருப்ப விட்டுட்டு."

"இது ஸ்கூலுது மிஸ்டர் சீஃபஸ். ஒடைஞ்சா நான் பணம் கட்டணும்," என்று அழுதுகொண்டே சொன்னாள் இமானி. கிழவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுகையோடு அழுகையாக.

கம்பெனி ஆட்கள் வந்து நீலத் தார்ப்பாய் போட்டுவிட்டுப் போனார்கள். வெர்னன் தன் செல்போனில் கம்பெனி அனுப்பிய செய்தியைக் காட்டினான். வீடு குடியிருக்கத் தகுதியற்றது, ஒப்பந்தம் முடிந்தது, வேறு மாவட்டத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, விருப்பமானால் போகலாம் என்று வந்திருந்தது. அங்கே போவதென்றால் ஒர்னெட்டாவுக்கு வேலை போகும், இமானிக்குப் பள்ளிக்கூடம் போகும்.

"நாலு ரூம் சும்மா கெடக்குது," என்றார் மிஸ்டர் சீஃபஸ். "வீடு விக்கிறவரைக்கும் இருங்க. வாடகைன்னு வாயத் தெறந்தா வெளிய தள்ளிடுவேன்."

*

அப்படித்தான் அவர்கள் அந்த வீட்டுக்குள் வந்தார்கள்.

ஒரு மனுஷன் மட்டும் புழங்கிய வீட்டில் திடீரென்று மூன்றுபேர். வெர்னன் விமான நிலையத்தில் இரவெல்லாம் பெட்டி ஏற்றிவிட்டு விடியலில் வந்து, முன்னறை நாற்காலியில் காலணியோடு உட்கார்ந்தவன் உட்கார்ந்தபடியே குறட்டை விடுவான். மிஸ்டர் சீஃபஸ் அவன் காலணியைக் கழற்றிச் சுவரோரம் வைப்பார். மத்தியானம் எழுந்து இரண்டுபேரும் பேஸ்பால் ஆட்டத்தை டிவியில் போட்டுவிட்டு, நடுவரைத் திட்டுவதில் ஒற்றுமையாக இருப்பார்கள். கிழவருக்குப் பந்து தெரியாது. "என்ன ஆச்சு?" என்பார். வெர்னன் சொல்வான். "நான் அப்பவே சொன்னேன்," என்பார்.

டிராம்போன்தான் தகராறு. "கழுதைக்கு வயித்துவலி வந்தாப்ல இருக்கு," என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இரண்டாவது வாரம் கதவு திறந்தே இருந்தது. மூன்றாவது வாரம், சர்ச்சில் லுவெல்லா பாடி வந்த மெல்லிய பாட்டு ஒன்றை அவர் முனகிக் காட்ட, இமானி தட்டுத்தடுமாறி அதைப் பிடித்தாள். பாதியில் அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். தப்பாக வாசித்துவிட்டோமோ என்று இமானி அம்மாவைப் பார்த்தாள்.

"இல்லடி. சரியா வாசிச்சிட்ட," என்றாள் ஒர்னெட்டா.

அந்தச் சனிக்கிழமைதான் கம்பெனியின் ஆள் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, மரியாதையான பேச்சு, கையில் பலகைபோல ஒரு கணினி. வாசலில் நின்றே விலையைச் சொன்னான். நல்ல விலைதான். ஒரே வாரத்தில் ரொக்கம், எந்தப் பரிசோதனையும் கிடையாது, எதையும் பழுதுபார்க்க வேண்டாம், வேண்டாத சாமான்களை அப்படியே போட்டுவிட்டுப் போகலாம்.

"உள்ள வாப்பா. வீட்டப் பாரு," என்றார் மிஸ்டர் சீஃபஸ்.

"பரவாயில்லைங்க சார். வீட்டைப் பாக்க வேண்டியதில்ல."

"அடுக்களை அலமாரியெல்லாம் செர்ரி மரம். எம்பொண்டாட்டி தேடித்தேடி எடுத்தது. பின்னால அத்திமரம் இருக்கு. வந்து பாரு."

"அதெல்லாம் எங்களுக்குத் தேவைப்படாதுங்க சார். எத்தன ரூம், எத்தன சதுரடி, எந்தத் தெரு, அது போதும். மத்தது எல்லாம் கம்ப்யூட்டர்லயே வந்துடும்." சிரித்தான். கெட்டவனில்லை. வெயிலில் அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. "யோசிச்சிச் சொல்லுங்க சார்."

கிழவர் அவனுக்கு ஒரு தம்ளர் இனிப்புத் தேநீர் கொடுத்தனுப்பினார். அவன் கார் போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வீட்டப் பாக்காம வாங்கறான்," என்றார், யாருக்கென்று இல்லாமல். "மாட்ட வாங்கறவன்கூடப் பல்லப் புடிச்சிப் பாப்பான்."

ஒர்னெட்டா அடுக்களை மேஜையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு கைப்பிடி தன்பக்கம் இழுத்துக்கொண்டார். உரிப்பதற்குக் கண் வேண்டியதில்லை. விரல் போதும்.

"ஏன் நீ கேக்கல?"

"எத?"

"தெரியாத மாதிரி பேசாத. தெருவுல எல்லா வீட்டுக்கும் விலை எழுதிக் குடுத்திருக்க. என் வீட்டுக்கு மட்டும் குடுக்கல. என் வீட்டுல என்ன பேய் இருக்கா?"

ஒர்னெட்டாவின் விரல் நின்றது. "கேட்டா, இத்தன நாள் நான் கொண்டாந்த சோறெல்லாம் வேற மாதிரி ஆயிடும் மிஸ்டர் சீஃபஸ்."

"என்ன மாதிரி?"

"தூண்டில்ல மாட்டற புழு மாதிரி." "மிஸ் லுவெல்லா போனப்புறம் நீங்க அந்த நாற்காலியில வெளக்குப் போடாம உக்காந்திருப்பீங்க. என் ஜன்னல்லேந்து தெரியும். அதுக்குத்தான் வந்தேன். வேற எதுக்கும் வரல. நீங்க அப்படி நினைச்சிடக்கூடாது. வீடு கெடைக்கலன்னாலும் பரவால்ல, நீங்க அப்படி நினைச்சிடக்கூடாது."

கிழவர் உரித்த மொச்சையைத் துழாவிக் கிண்ணத்தில் போட்டார். இரண்டு மேஜையில் சிதறி உருண்டன.

"உன் பேங்குக்காரன் எவ்வளவு நாள் எடுப்பான்?"

"ரெண்டு மாசம் ஆவும். வந்து பாப்பாங்க. குறை சொல்லுவாங்க. சரிபண்ணச் சொல்லுவாங்க. அவங்க போடற விலைக்கு மேல என்னால ஒண்ணும் தர முடியாது. கம்பெனி சொல்ற அளவு வராது மிஸ்டர் சீஃபஸ்."

"வந்து பாப்பாங்கல்ல?"

"பாப்பாங்க."

"அப்ப சரி. பாக்கட்டும்." பிறகு விரலை நீட்டினார். "ஆனா க்ளோரிஸ் காயிதத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன். அதுக்காகத்தான் உனக்கு விக்கறேன்னு அவ நினைச்சிக்கப்போறா. இந்த வீட்டுக்கு ஒரு ஓட்டு இருக்கு. வீட்டோட சேந்து அதுவும் போவுது. வாங்கினவ என்ன பண்ணுவாளோ அவ பாடு."

ஒர்னெட்டா முந்தானை இல்லாத ஊர்க்காரி. சமையல் ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழுதா மொச்சைல உப்பு போடவேண்டியதில்ல," என்றார் அவர். "டாக்டருக்குச் சந்தோசம்."

*

அந்த இரண்டு மாதம் எளிதாகப் போகவில்லை. வங்கி அனுப்பிய ஆள், கூரைக்குள் ஏறி, அடித்தளத்தில் தவழ்ந்து, குழாயைத் திறந்து மூடி, வீட்டை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தான். அலமாரியைத் தட்டிப் பார்த்து, "நல்ல மரம்," என்றான். கிழவர் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து, "பின்படி இற்றுப்போயிருக்கு. மாத்தினாத்தான் கடன்," என்றான். நெஞ்சு இறங்கிவிட்டது.

"இத்தன வருசமா ஏறி எறங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகல!"

"நீங்க எறங்கின எடத்துலதான் ஓட்ட விழுந்திருக்கு," என்றான் வெர்னன். வேலையிலிருந்து வந்து தூங்காமல் பலகையை அறுத்தான். பெட்டி தூக்கித் தூக்கிப் போன முதுகு, குனிந்தால் நிமிராது. மிஸ்டர் சீஃபஸ் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கொத்தனார் மகன் என்ற உரிமையில் எல்லாவற்றுக்கும் குறை சொன்னார். "கோணுது." "கோணல மிஸ்டர் சீஃபஸ்." "எங்கப்பன் பாத்தா உன்ன ஓட ஓட வெரட்டுவாரு." சாயங்காலத்துக்குள் படி நின்றது. இமானி அதன்மேல் ஏறிக் குதித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தாள்.

கம்பெனி மறுபடி போனில் வந்து விலையைக் கூட்டியது. அந்த வாரமே மகள் பெர்னிஸ் போன் செய்தாள். கிழவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். துணி மடித்துக்கொண்டிருந்த ஒர்னெட்டாவுக்கு எல்லாமே கேட்டது.

"அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு? அந்தப் பணம் உங்க கண்ணு வைத்தியத்துக்கு ஆவும். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நீங்கதான் வீடு குடுக்கணுமா?"

"ஊர்ல இருக்கறவங்களுக்கு இல்ல. ஒர்னெட்டாவுக்கு."

"அவங்க நல்லவங்கதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா..."

"பெர்னிஸ், உங்கம்மா போனப்ப நீ நாலு நாள் இருந்த. உனக்கு வேலை, பிள்ளைங்க. நான் குறை சொல்லல. அஞ்சாம் நாள்லேந்து யாரு வந்தான்னு மட்டும் நெனச்சிப் பாரு."

மகள், "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். வேறு பேச்சு பேசினார்கள்.

ஒர்னெட்டா மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அன்று சாயங்காலம் அவரிடம் போய், "கம்பெனிக்கே குடுத்துடுங்க. உங்க கண்ணுதான் முக்கியம்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

"என் கண்ணப் பத்தி எனக்குத் தெரியும்," என்றார். "போனது வராது. இருக்கறது எவ்வளவு நாளோ. அதுக்குள்ள நான் பாக்கணும்னு நினைக்கறத பாத்துட்டுப் போறேன். போய் சோளரொட்டி போடு. வெண்ணெய் கொஞ்சம் தாராளமா."

*

அக்டோபரில் புழுக்கம் விட்டது. வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்தாயிற்று. மிஸ்டர் சீஃபஸ் பேனாவைப் பிடித்து, கோடு எங்கே என்று கேட்டு, ஒர்னெட்டா விரலை வைத்துக் காட்டிய இடத்தில் பெயரை எழுதினார். அடுத்த இடத்தில் ஒர்னெட்டா எழுதினாள். வெர்னன் சீருடையிலேயே வந்திருந்தான். எழுதி முடித்ததும் தொப்பியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றினான்.

பெர்னிஸ் காரோடு வந்தாள். வந்தவள் முதல் காரியமாக ஒர்னெட்டாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெட்டி, லுவெல்லாவின் படம், டிவி முன்னால் இருந்த நாற்காலி. அவ்வளவுதான் ஏற்றினார்கள். கிழவர் வீட்டுக்குள் ஒருமுறை தனியாக நடந்தார். ஒவ்வொரு கதவு நிலையையும் தொட்டுக்கொண்டு போனார். யாரும் கூடப் போகவில்லை. வெளியே வந்தவர் இமானியைக் கூப்பிட்டு, "அந்தக் கழுதைக்கு நல்லா தீனி போடு," என்றார். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டிக்கொண்டே போனார். தெருமுனை திரும்பும்வரை அந்தக் கை தெரிந்தது.

சங்கத்துக் கூட்டம் அடுத்த ஞாயிறு, சர்ச் முடிந்து, க்ளோரிஸ் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. மடக்கு நாற்காலிகள், பொரித்த கோழி, பெரிய பாத்திரத்தில் தேநீர். ஒர்னெட்டா இதுவரை இந்தக் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. வாடகைக்காரர்களுக்கு அழைப்பு கிடையாது. எங்கே உட்காருவதென்று தெரியாமல் நின்றாள்.

க்ளோரிஸ் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

ஒர்னெட்டா உடனே வாங்கவில்லை. "வெள்ளக்காரன் தவிர எவனுக்கும் விக்கக்கூடாது" என்ற மிஸ்டர் சீஃபஸின் குரல் காதுக்குள் கேட்டது. அவர் சொன்னது அத்தனையும் நடந்தது. அவர் அப்பா கட்டிய சுவர்கள் இன்னமும் அந்தத் தெருவில் நிற்கும்.

"மிஸ் க்ளோரிஸ், இப்ப கம்பெனி வீட்டுல வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இதனால ஒண்ணும் ஆகாதே? யாரையும் போகச் சொல்லாதே?"

"ஒண்ணும் ஆகாது. அவங்க இருப்பாங்க. நாளைக்கு இங்க ஒரு வீடு விலைக்கு வந்தா, உன்ன மாதிரி முந்தி ஓடித் தோத்துப்போக மாட்டாங்க. அவ்வளவுதான்."

"அவங்களையும் இந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க இனிமே. ஓட்டு இல்லாட்டி போவுது. ஒரு நாற்காலியாச்சும் போடுங்க."

க்ளோரிஸ் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவள் நாற்காலி வரிசையைப் பார்த்தாள். பிறகு, "போடறேன்," என்றாள். க்ளோரிஸ் சொன்னால் செய்கிறவள்.

ஒர்னெட்டா கையெழுத்துப் போட்டாள். யாரோ கைதட்டினார்கள். யாரோ கோழித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்து மான்ட்கோமரிக்குப் போன் போட்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று வெர்னன் சொன்னான். அவளுக்கு அது முடியாது.

"போட்டுட்டேன் மிஸ்டர் சீஃபஸ்."

மறுமுனையில் டிவியில் ஆட்டம் ஓடுவது கேட்டது.

"நான் போட்டிருக்கமாட்டேன்," என்றார்.

"தெரியும்."

"கோவமில்ல. நீ போட்டதும் சரி, நான் போடாததும் சரி. ரெண்டும் ஒரே வீட்டுலேந்து வந்தா என்ன?" தொண்டையைச் செருமினார். "இங்க பெர்னிஸ் எனக்கு ஒரு ரூம் குடுத்திருக்கா. சுவரெல்லாம் மஞ்சள். என் கண்ணுக்கு அது ஒண்ணுதான் நல்லாத் தெரியுது. நீ என்ன நிறம் அடிக்கப்போற?"

"எதுக்கு?"

"சுவருக்கு. உன் வீட்டுச் சுவருக்கு."

பிறந்ததிலிருந்து ஒர்னெட்டா இருந்த வீடு எல்லாமே வேறு யாரோ அடித்த நிறத்தில் இருந்தது. ஆணி அடிக்கவே கேட்கவேண்டியிருந்தது. அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. போனைக் காதில் வைத்தபடி அடுக்களைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சாயங்கால வெயில் பட்டு அது இளஞ்சூடாக இருந்தது.

"ஒர்னெட்டா? இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன்," என்றாள். "கொஞ்சம் பொறுங்க மிஸ்டர் சீஃபஸ். யோசிக்கறேன்."

"யோசி," என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."